நவஹோ முன்னாள் படைவீரர்களிடம் போரைப் பற்றிக் கேட்கலாமா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். நியூ மெக்சிகோவின் கேலப் நகருக்கு அருகே பிசியோதெரபிஸ்ட்டாக வேலையில் சேரப் போகிறீர்கள். இரண்டாம் உலகப்போரில் தங்கள் தாய்மொழியைக் கொண்டே அமெரிக்கப் படைக்கு ரகசியக் குறியீடு அமைத்த நவஹோ என்ற பழங்குடி இன வீரர்களைப் பற்றிப் படித்திருக்கிறீர்கள். அப்படி ஒரு முதியவர் சிகிச்சைக்கு வந்தால் போர் அனுபவத்தைக் கேட்கலாமா, கேட்டால் சொல்வாரா, தங்கள் இனத்தை அவ்வளவு துன்புறுத்திய அரசுக்காக அவர்கள் ஏன் போருக்குப் போனார்கள் என்று கேட்கிறீர்கள். பார்க்க மூன்று கேள்விகள். அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. ஒருவர் சொல்லாமல் வைத்திருப்பதை இன்னொருவர் எந்த உரிமையில் கேட்பது என்பதே அது. அதற்கு என் அனுபவத்தை வைத்துப் பதில் சொல்கிறேன்.

நான் பொது மருத்துவர். அமெரிக்காவில் மேற்படிப்பை முடித்த வெளிநாட்டு மருத்துவர்கள் ஜே-1 விசா விதிப்படி இரண்டு ஆண்டுகள் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடத்தில் மூன்று ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். நான் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்து நவஹோ நிலத்துக்குப் போனேன். மூன்று ஆண்டு என்று போனவள் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். ஆனாலும் நான் அந்த இனத்தைச் சேர்ந்தவள் அல்ல. அவர்கள் மொழியில் வணக்கம் சொல்லவும், எங்கே வலிக்கிறது என்று கேட்கவும், நன்றி சொல்லவும் மட்டுமே கற்றேன். மற்றவை எல்லாம் மொழிபெயர்ப்பவர் வாய் வழியாக வந்தவை. நோயாளிகளைப் பற்றிக் கீழே எழுதுவதில் அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். குறியீட்டு வீரர்கள் மொத்தம் ஏறத்தாழ 400 பேர். அந்தப் போரில் பணியாற்றிய நவஹோக்கள் சுமார் 3,600 பேர் என்பார்கள். ஆக ஒன்பது பேரில் ஒருவர்தான் குறியீட்டுப் பணியில் இருந்தார். 1942-இல் குறியீட்டை உருவாக்கிய முதல் 29 பேரில் கடைசியாக இருந்த செஸ்டர் நெஸ் 2014 ஜூனில் மறைந்தார். 2024 அக்டோபரில் ஜான் கின்செல் தமது 107-ஆவது வயதில் இறந்தபோது, 400 பேரில் எஞ்சியிருந்தவர்கள் இருவரே. ஆகவே உங்கள் சிகிச்சை அறைக்கு வரப்போகிறவர் பெரும்பாலும் வியட்நாமுக்குப் போனவராக இருப்பார். அல்லது ஈராக், ஆப்கானிஸ்தான் போய்வந்த முப்பது, நாற்பது வயதுக்காரராக இருப்பார். பெண்ணாகவும் இருக்கலாம். வயதான நவஹோ வீரர் என்றாலே குறியீட்டு வீரர் என்று எண்ணிக்கொள்வது வெளியூர்க்காரர்கள் வழக்கம். வியட்நாமில் காலாட்படையில் இருந்த ஒருவரிடம் அப்படிக் கேட்டால், தாம் பட்டது கணக்கிலேயே இல்லை போலும் என்று அவர் நினைத்துக்கொள்வார். என்னிடம் ஒருவர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனாலும் சொன்னார்.

உண்மையான குறியீட்டு வீரர் ஒருவரை எனக்குத் தெரியும். காது மந்தம், சர்க்கரை நோய், ஆறாத ஒரு கால் புண் ஆகியவற்றுக்காக மாதம் ஒருமுறை வருவார். ஊர்வலம், விழா என்று ஏதேனும் இருக்கும் நாளில் சிவப்புத் தொப்பியும் பொன்னிற வெல்வெட் சட்டையும் நீலப்பச்சைக் கல் மாலையுமாக வந்து அமர்வார். மற்ற நாள்களில் சாதாரண மேய்ப்பர். நான்கு மாதங்கள் அவரிடம் கால் புண்ணைத் தவிர வேறெதையும் பேசவில்லை. ஒருநாள் கட்டுப் பிரிக்கும்போது என் அம்மாவிடமிருந்து போன் வந்தது. இரண்டு வரி தமிழில் பேசிவிட்டு வைத்தேன். அது என்ன மொழி என்று கேட்டார். சொன்னேன். செம்மறிக்கு உங்கள் மொழியில் என்ன சொல்வீர்கள் என்றார். "ஆடு" என்றேன். "திபே" என்று தம் மொழிச் சொல்லைத் தந்தார். பிறகு, டாங்கிக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். நான் சற்றுத் தடுமாறி "பீரங்கி வண்டி" என்றேன். அவர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "நாங்களும் அப்படித்தான் சொல்வோம், பெரிய துப்பாக்கிகள் மேலே உட்கார்ந்திருக்கும் ஊர்ந்து போகிற வண்டி என்று. அதைச் சொல்லி முடிப்பதற்குள் டாங்கி வந்துவிடும். அதனால் ஆமை என்றோம்."

குறியீடு எப்படி இயங்கியது என்பதை அதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. நவஹோ மொழி புதுப் பொருள்களுக்குக் கடன்சொல் வாங்குவது அபூர்வம். அந்தப் பொருள் என்ன செய்கிறதோ அதைச் சொல்லியே பெயர் வைக்கும். கணினி என்பது சிந்திக்கும் உலோகம். புற்றுநோய் என்பது ஆறாத புண். போர்க்களத்தில் அவ்வளவு நீளமான பெயர்களுக்கு நேரமில்லை என்பதால் அந்த 29 பேரும் தங்களைச் சுற்றியிருந்த உயிர்களிடமிருந்து பெயர் எடுத்தார்கள். போர் விமானம் தேன்சிட்டு, குண்டு வீசும் விமானம் பிணந்தின்னிக் கழுகு, வேவு விமானம் ஆந்தை, நீர்மூழ்கி இரும்பு மீன், குண்டு முட்டை, கையெறி குண்டு உருளைக்கிழங்கு. பட்டியலில் இல்லாத பெயர்களை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேறொரு ஏற்பாடு இருந்தது: ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் அதில் தொடங்கும் ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்து, அதன் நவஹோ வடிவத்தைச் சொன்னார்கள். தொடக்கத்தில் இருநூறுக்குச் சற்று மேலாக இருந்த சொற்கள் போர் முடிவதற்குள் நானூறைத் தாண்டின. எல்லாம் மனப்பாடம், களத்துக்குத் தாள் எடுத்துப்போகவில்லை.

இதன் விளைவு என்னவென்றால், நவஹோ மொழியைத் தாய்ப்பாலோடு குடித்தவனுக்குக்கூட அந்தச் செய்தி விளங்காது. இது ஊகம் அல்ல. பிலிப்பைன்ஸில் பிடிபட்டு, போர்க்கைதிகள் பலர் நடந்தே மாண்ட பட்டான் கொலைநடையில் தப்பிய ஜோ கியூமியா என்ற நவஹோ வீரரை ஜப்பானியர் சித்திரவதை செய்து, ஒலிபரப்பில் வருவதை விளக்கச் சொன்னார்கள். அவர் குறியீட்டுப் பயிற்சி பெற்றவர் அல்லர். சொற்கள் புரிந்தன, பொருள் புரியவில்லை. ஆமையும் முட்டையும் உருளைக்கிழங்கும் ஒரே வாக்கியத்தில் வந்தால் எந்தத் தாய்மொழிக்காரனுக்குத்தான் புரியும்? அவர் பிறகு நாகசாகியில் சிறையில் இருந்தபோது அணுகுண்டிலும் உயிர் தப்பினார்.

உறுதியானவை, சந்தேகத்துக்குரியவை என்று இன்னும் சிலவற்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். 1945 பிப்ரவரியில் ஜப்பானின் இவோ ஜிமா தீவுச் சண்டையில் முதல் இரண்டு நாள்களில் ஆறு நவஹோக்கள் 800-க்கும் மேற்பட்ட செய்திகளைப் பிழையின்றி அனுப்பினார்கள் என்பதும், அவர்கள் இல்லாமல் அந்தத் தீவைப் பிடித்திருக்க முடியாது என்று அவர்களுடைய தகவல்தொடர்பு அதிகாரி மேஜர் ஹோவர்ட் கானர் சொன்னதும் நெடுங்காலமாகப் பதிவில் உள்ளவை. அதே தீவில் கொடியேற்றிய படத்தில் இருக்கும் ஐரா ஹேய்ஸ் நவஹோ அல்லர், பீமா இனத்தவர். அங்கே போய் அவரை நவஹோ என்று சொல்லிவிடாதீர்கள். தாய்மொழியை இப்படிப் பயன்படுத்தியதில் நவஹோக்கள் முதல்வர்களும் அல்லர். 1918-இலேயே சோக்டா இன வீரர்கள் பிரான்ஸில் செய்தார்கள். குறியீட்டு வீரர் பிடிபடும் நிலை வந்தால் சுட்டுவிடும்படி அவருடைய மெய்க்காவலருக்கு உத்தரவு இருந்தது என்ற கதையைச் சினிமா பரப்பியிருக்கிறது. இது இன்றுவரை சர்ச்சையில் இருப்பது. உண்மை என்று எடுத்துக்கொண்டு யாரிடமும் கேட்காதீர்கள். முகத்தோற்றத்தால் ஜப்பானியர் என்று தவறாக எண்ணித் தங்கள் தரப்பினரே அவர்களைப் பிடித்துவைத்த சம்பவங்கள் நடந்தன. துணைக்கு ஆள் தந்ததற்கு அதுவே போதுமான காரணமாகத் தெரிகிறது.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். அவர்கள் பேசாமல் இருந்ததற்கு ஒரு காரணம் ராணுவ உத்தரவு. 1968-இல்தான் அந்தத் திட்டத்தின் ரகசியத் தடை நீங்கியது. அதுவரை 23 ஆண்டுகள் மனைவி மக்களுக்கும் சொல்லாமல் இருந்தவர்கள் உண்டு. ஆனால் தடை நீங்கிய பிறகும் பலர் பேசவில்லை; எந்த ரகசியமும் இல்லாத வியட்நாம் வீரர்களும் பேசவில்லை. இதன் வேர் வேறிடத்தில் இருக்கிறது. நவஹோக்கள் தங்களைத் தினே என்று சொல்லிக்கொள்வார்கள். மக்கள் என்று பொருள். தினே வாழ்க்கையின் மையத்தில் இருக்கும் சொல் ஹோஜோ. அழகு, நலம், இசைவு, ஒழுங்கு எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கும். சொல்லுக்குச் செயல் வலிமை உண்டு, தீயதைச் சொன்னால் அது நேரும், இறந்தவரைப் பேசினால் அவருடைய நிழல் அருகில் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. நம் வீடுகளில் சுபகாரிய நேரத்தில் அபசகுனமாகப் பேசாதே என்று அதட்டுவார்களே, அந்த எச்சரிக்கை அங்கே வாழ்நாள் முழுவதுக்கும் உண்டு.

இதை நான் கற்றது தவறு செய்துதான். சேர்ந்த முதல் ஆண்டில், வியட்நாம் போருக்குப் போய்வந்த ஒருவரிடம், மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாவிட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொன்னேன். மருத்துவக் கல்லூரியில் எனக்குக் கற்பித்த நேர்மை அதுதான். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். ஏழு மாதங்கள் திரும்பி வரவில்லை. எங்கள் பிரிவில் மொழிபெயர்த்த செவிலியர் உதவியாளர், ஐம்பது வயதைத் தாண்டிய தினே பெண்மணி, என்னைத் தனியே அழைத்து, "டாக்டர், நீங்கள் அவரை எச்சரிக்கவில்லை, அவருக்கு அதை விதித்துவிட்டீர்கள்" என்றார். பிறகு சொல்லும் முறையையும் கற்றுத்தந்தார்: இந்த நோய் உள்ள வேறு யாரோ ஒருவர் மருந்து எடுக்காமல் இருந்தார், அவருக்கு இப்படி ஆயிற்று, உங்களுக்கு அப்படி ஆகாமலிருக்க இதைச் செய்வோம். 1995-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் நவஹோ மக்களிடம் செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது. கெட்ட செய்தியை நேரடியாகச் சொல்லும் நம் நெறிமுறை அவர்களுக்கு ஊறாகப் படுகிறது என்பதே அதன் சாரம். அந்தக் கட்டுரையை நான் மிகவும் தாமதமாகப் படித்தேன். நீங்கள் உடற்பயிற்சி சொல்லித்தரும்போதும், "செய்யாவிட்டால் நடக்க முடியாமல் போய்விடும்" என்ற வாக்கியத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

பேசாமல் இருந்தால் மனத்தில் புழுங்கிப் புண்ணாகாதா என்று நீங்கள் கேட்கலாம்; நானும் கேட்டேன். வியட்நாம் போன பழங்குடி வீரர்களிடையே போருக்குப் பிந்தைய மன அதிர்ச்சி நோய் வெள்ளையரைவிட அதிகம் என்பதும், அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதிக்குக் காரணம் அவர்கள் கடுமையான சண்டையில் அதிகம் நிறுத்தப்பட்டதே என்பதும் ஆய்வுகளில் வந்தவை. ஆனால் தினே மக்களிடம் இதற்கு மருந்தே இல்லை என்று எண்ண வேண்டாம். போருக்குப் புறப்படும் முன் ஆசி வழி என்ற சடங்கு உண்டு. திரும்பி வந்தபின் பகைவர் வழி என்ற சடங்கு உண்டு. கொன்ற பகைவனின் நிழலும் கண்ட பிணங்களின் நிழலும் வீரனைத் தொடர்ந்து வந்து நோயாக்கும். அவற்றை விலக்கி, அவனை மறுபடியும் ஹோஜோவுக்குள் கொண்டுவருவதே இரண்டாவது சடங்கின் நோக்கம். கோடையில் மட்டும், மூன்று நாள்கள் நடக்கும்.

நான் குறிப்பிட்ட அந்த வியட்நாம் போர் வீரர் ஏழு மாதங்கள் கழித்து ஒரு செப்டம்பரில் வந்தார். எப்போதும் கதவைப் பார்த்தபடி, சுவரில் முதுகை ஒட்டி அமர்பவர், அன்று நான் காட்டிய நாற்காலியில் அமர்ந்தார். ஆகஸ்டில் அவருக்காகச் சடங்கு நடந்ததாக உதவியாளர் சொன்னார். திரும்பி வந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது, இவ்வளவு காலம் குடும்பத்தால் செலவைத் தாங்க முடியவில்லை. இரண்டு தாய்வழிக் குலங்கள் சேர்ந்து ஆடுகளும் விறகும் மாவு மூட்டைகளும் கொடுத்திருக்கின்றன. இன்னொரு குடும்பத்தின் சடங்குக்குப் பிற்பாடு என்னையும் அழைத்தார்கள். கடைசி நாள் காலையில் போனேன். ஆட்டுக்கறிக் குழம்பும் எண்ணெயில் பொரித்த ரொட்டியும் கொடுத்தார்கள். முந்திய இரவு ஆட்டத்தில் பெண்களே ஆண்களைத் தேர்ந்தெடுப்பார்கள், ஆண் விடுபட வேண்டுமானால் காசு கொடுக்க வேண்டும் என்று சொல்லிச் சிரித்தார்கள். உள்ளே நடந்தது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. சடங்கால் நோய் தீர்ந்ததா என்று மருத்துவராக என்னால் நிறுவ முடியாது. அவர் தூங்கத் தொடங்கினார், குடியைக் குறைத்தார், மருந்துக்கு வந்தார் என்பதை என் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். ஒன்று மட்டும் எனக்குப் பிடிபட்டது: நம் மருத்துவம் அவரைத் தனியே ஓர் அறையில் உட்காரவைத்துப் பேசச் சொல்கிறது, அவர்களுடையது அவரைப் பேசச் சொல்லாமல், ஊரையே கூட்டி அவருக்காகப் பாடுகிறது.

ஏன் போரிட்டார்கள் என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் தருபவர்களை நம்பாதீர்கள். 1863-64-இல் கிட் கார்சன் தலைமையில் வந்த அமெரிக்கப் படை அவர்களுடைய சோளக்கொல்லைகளையும் பீச் மரங்களையும் அழித்தது. ஆயிரக்கணக்கானோரைச் சுமார் 500 கிலோமீட்டர் நடக்கவைத்து ஃபோர்ட் சம்னர் என்ற ராணுவ முகாமில் அடைத்தார்கள். 1868 ஒப்பந்தத்துக்குப் பின்தான் எஞ்சியவர்கள் ஊர் திரும்பினார்கள். 1930-களில் மண்ணரிப்பைத் தடுப்பதாகச் சொல்லி அரசு அவர்களுடைய ஆடுகளைக் கொன்று குவித்தது. உறைவிடப் பள்ளிகளில் தாய்மொழி பேசிய பிள்ளைகளின் வாயைச் சோப்பால் கழுவினார்கள். அதே வாய்களைத்தான் பிறகு குறியீட்டுக்குத் தேடி வந்தார்கள். அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் அவர்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1948-இல், போர் முடிந்து மூன்று ஆண்டுகள் கழித்து. இவ்வளவுக்கும் நடுவில் 1940 ஜூனில் நவஹோ பழங்குடி மன்றம் நாட்டைக் காப்போம் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. என்னிடம் இதைப் பற்றித் தாமாகப் பேசிய சிலர் அரசைச் சொல்லவில்லை, நிலத்தைச் சொன்னார்கள்: நான்கு புனித மலைகளுக்கு நடுவே தங்களை வைத்திருக்கும் நிலம், அதன்மேல் எவன் கொடி பறந்தாலும் நிலம் தங்களுடையது. குறியீட்டுப் பட்டியலில் அமெரிக்காவுக்கு அவர்கள் வைத்த சொல் "நம் அம்மா" என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் இன்னொருவர், அந்த ஆண்டில் கம்பளி விலை விழுந்துவிட்டது, சம்பளம் வரும் என்று போனேன் என்றார். அதையும் பொய் என்று தள்ள முடியாது. திரும்பி வந்தவர்களில் சிலர் அதே சம்பளத்துக்காக யுரேனியச் சுரங்கங்களில் இறங்கினார்கள். அவர்களுடைய நுரையீரல்களை நான் எக்ஸ்ரேயில் பார்த்திருக்கிறேன். சத்தமே இல்லாத இரண்டாவது போர் அது.

ஆக, கேட்கலாமா என்றால், போரைக் கேட்காதீர்கள் என்றே சொல்வேன். அங்கே அறிமுகம் என்பது தாயின் குலம், தந்தையின் குலம், தாய்வழித் தாத்தாவின் குலம், தந்தைவழித் தாத்தாவின் குலம் என்ற வரிசையில் சொல்வது. அதைக் கேட்டபின்தான் யார் யாருக்கு அண்ணன், யார் பேரன் என்று தெரியும், பேச்சும் திறக்கும். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டே பழகிய நமக்கு இது எளிது. உங்கள் அம்மாவின் ஊரைச் சொல்லுங்கள், அப்பாவின் ஊரைச் சொல்லுங்கள். அவருடைய ஆட்டுப்பட்டி எங்கே இருந்தது என்று கேளுங்கள். கையை இறுக்கிக் குலுக்காதீர்கள், மெல்லத் தொட்டால் போதும். கண்ணுக்குள் பார்த்துப் பேசாதீர்கள், விரல் நீட்டிக் காட்டாதீர்கள். பதில் வருவதற்கு முன் ஒரு நீண்ட மௌனம் வரும். அதை நிரப்பிவிடாதீர்கள், அது பதிலின் ஒரு பகுதி. அவராகப் போரைத் தொட்டால் கேட்டுக்கொள்ளுங்கள், அடுத்த கேள்வி கேட்காதீர்கள். ஆமை கதையைச் சொன்ன என் முதியவர் அதற்குமேல் ஒரே ஒருமுறைதான் இவோ ஜிமா தீவைக் குறிப்பிட்டார். அங்கே மணல் கறுப்பு, காலை வைத்தால் உள்ளே போகும் என்றார். பிறகு கட்டைச் சற்றுத் தளர்த்தச் சொன்னார்.

வேலையில் சேரும் முன் ஒரு சனிக்கிழமை நவஹோக்களின் தலைநகரான விண்டோ ராக் போய் வாருங்கள். கேலப்பிலிருந்து அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். துளை விழுந்த அந்தச் செம்பாறையின் அடியில் முன்னாள் படைவீரர் நினைவுப் பூங்கா இருக்கிறது. சாய்வாக நிறுத்திய பதினாறு எஃகுத் தூண்களில் பெயர்கள் பொறித்திருக்கும். பிகே, யாஸி, சோஸி என்று அதே குடும்பப் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். திங்கட்கிழமை உங்கள் மேசைக்கு வரும் நோயாளிப் பட்டியலிலும் அவை இருக்கும்.